மழை பெய்த ஐந்தாம் நாள்

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குப் புதிதாகப் போகிறவர்களின் கண் முதலில் சவாரோவில்தான் விழும். பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளர்ந்து, பக்கவாட்டில் கைகளைத் தூக்கி, மலைச்சரிவு முழுக்க நிற்கும் பெருங்கள்ளி அது. அந்த மாநிலத்துக் கார்களின் எண்பலகையில் அதன் உருவம் இருக்கிறது. ஊரின் கிழக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கும் தேசியப் பூங்காவுக்கு அதன் பெயர். முதல் கையை நீட்டவே அதற்குப் பொதுவாக ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கேட்டபோது எனக்கும் அதன்மேல் பெரிய மரியாதை வந்தது. அங்கே போன புதிதில் நான் எடுத்த படங்களில் எல்லாம் சவாரோதான்.

என் கணவருக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணி. என் விசாவில் வேலைக்கு அனுமதி கிடையாது. வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வருவது அன்றாடமாயிற்று. பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். பாலைவனச் செடிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று தெருவில் சொல்வார்கள். என்னைக் காலையில் பார்த்துப் பார்த்துப் பழகிய பிறகு ஒரு நாள், ஊருக்கு மேற்கே டூசான் மலைகளுக்குத் தன் காரில் கூட்டிப் போனார். பாதையோரம் ஒரு மரத்தடியில் நின்று, "இங்கே எத்தனை கள்ளி இருக்கிறது, சொல்" என்றார். நான் தூரத்துச் சவாரோக்களை எண்ணத் தொடங்கினேன். அவர் மண்டியிட்டு, உதிர்ந்த இலைச் சருகுக்கும் சரளைக்கல்லுக்கும் நடுவே விரலை நீட்டிக் காட்டினார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத சாம்பல் நிற உருண்டை ஒன்று அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அந்த மரத்தடியை விட்டுக் கிளம்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்தச் செடியின் தாவரப் பெயர் மம்மிலேரியா கிரஹாமி. அமெரிக்க-மெக்சிக எல்லையை அளந்த குழுவில் இருந்த ஜேம்ஸ் டங்கன் கிரஹாம் என்ற ராணுவ அதிகாரியின் பெயரை, செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவரும் தாவரவியலாளருமான ஜார்ஜ் எங்கெல்மன் 1856ல் அதற்கு வைத்தார். அங்குள்ள மக்கள் அதைத் தூண்டில்முள் கள்ளி என்கிறார்கள். உடம்பு முழுவதும் சிறு சிறு முகடுகள். ஒவ்வொரு முகட்டின் உச்சியிலும் இருபது முப்பது வெள்ளை முட்கள் வட்டமாகப் படிந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து கருஞ்சிவப்பாக ஒன்றோ இரண்டோ முள் எழுந்து, நுனியில் தூண்டில்போல் வளைந்திருக்கும். குனிந்து பார்த்தபோது என் துப்பட்டாவின் ஓரம் அதில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வராது; உள்ளே சற்றுத் தள்ளி, வளைவுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். டீச்சரம்மா அதைப் பொறுமையாகச் செய்து காட்டினார்.

டீச்சரம்மா என்றுதான் அவரை நான் மனதுக்குள் அழைத்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான் காங்கேயம் பக்கத்துக்காரி. கள்ளி எனக்குப் புதிதில்லை. திருகுகள்ளியும் கொடிக்கள்ளியும் எங்கள் பக்கத்து வேலியோரங்களில் நிற்பவை. கிள்ளினால் பால் வரும். கண்ணில் பட்டால் எரியும் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அவையெல்லாம் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும், இந்த அமெரிக்கக் கள்ளிகளுக்கும் அவற்றுக்கும் ரத்த உறவு கிடையாது என்பதையும் டூசானில்தான் அறிந்தேன். தண்ணீர்ப் பஞ்சம் என்ற ஒரே நெருக்கடி, இரண்டு கண்டங்களில் இரண்டு வேறு குடும்பங்களை ஒரே மாதிரி உடம்பு எடுக்க வைத்திருக்கிறது. இலையை விட்டு, தண்டைப் பருக்கவைத்து, பச்சையத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து, முள் வளர்த்து. கேக்டஸ் குடும்பத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. முள் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கேக்டஸில் முட்கள் எல்லாம் பஞ்சு படிந்த ஒரு சிறு திண்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். நம் ஊர்ப் பால்கள்ளிகளில் அந்தத் திண்டு கிடையாது. கேக்டஸ் குடும்பத்தில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. மரக்கிளைகளில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது.

முள் என்றாலே பகை என்று நினைத்துப் பழகியவள் நான். டீச்சரம்மா வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். "கையை அதன் மேலே கொண்டுபோய், நிழல் எவ்வளவு விழுகிறது என்று பார்" என்றார் ஒரு முற்பகலில். வெள்ளை முட்கள் ஒன்றோடொன்று பின்னி, அடியில் இருக்கும் பச்சைத் தோலை ஏறக்குறைய மறைத்திருந்தன. அந்த முட்களுக்கு உயிர் இல்லை. இலையாக வளர வேண்டிய ஒன்று குறுகி, இறுகி, செத்த இழையாக நிற்கிறது. ஆனால் அவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, சுடுகாற்று தோலில் நேராக உரசாமல் தடுக்கின்றன, குளிர்கால இரவில் வளர் நுனி உறைந்துபோகாமல் மூடி வைக்கின்றன. டூசானில் கோடையில் 38 டிகிரி சாதாரணம். 1990 ஜூன் 26 அன்று 47 டிகிரியைத் தொட்டிருக்கிறது. அதே ஊரில் குளிர்கால இரவுகளில் தண்ணீர் உறையும். இரண்டுக்கும் சேர்த்து அந்தச் செடி தரித்திருப்பது ஒரே உடை.

முகடுகளின் வேலையும் அப்படிப்பட்டதுதான். தண்ணீர் கிடைக்கும்போது உருண்டை உப்பும், முகடுகள் விலகும். காய்ச்சல் காலத்தில் சுருங்கி, முகடுகள் நெருங்கிக்கொள்ளும். தோல் கிழியாமல் ஊதவும் ஒடுங்கவும் முடிவது அதனால்தான். மே மாதக் கடைசியில் நான் பார்த்துவந்த ஒரு செடி பாதி மண்ணுக்குள் போய்விட்டதுபோல் தெரிந்தது. செத்துவிட்டது என்று எண்ணி டீச்சரம்மாவிடம் ஓடினேன். "அதற்கு இப்போது தூக்கம், தொந்தரவு செய்யாதே" என்றார்.

தூங்கும் செடி இரவில் மூச்சுவிடும் என்பது நான் கேட்ட அடுத்த அதிசயம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும். துளை திறந்தால் நீராவியும் வெளியே போகும். பாலைவனப் பகலில் அது தற்கொலை. அதனால் கள்ளி பகலில் துளைகளை இறுக மூடிக்கொள்கிறது. இரவு குளிர்ந்த பிறகு திறந்து, வாயுவை உள்ளே இழுத்து, மாலிக் அமிலமாக்கித் தன் திசுக்களில் சேர்த்து வைக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும், கதவைத் திறக்காமலே, சேர்த்ததை எடுத்து உணவாக்குகிறது. விடியற்காலையில் அதன் சாறு புளிக்கும். மாலையில் புளிப்பு போய்விடும்.

இந்தப் புளிப்பை முதலில் நாவில் உணர்ந்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் ஊரோடு சம்பந்தப்பட்டவர் என்பதைப் பிறகு படித்தேன். பெஞ்சமின் ஹைன், மொராவியன் திருச்சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். ரணகள்ளி இலையை அவர் விடியலில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையில்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813ல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1815ல் அது அச்சானது. எங்கள் அம்மாவைப் பெற்ற அமத்தாவின் வீட்டு வாசலில் அந்த ரணகள்ளி இருந்தது. காயத்துக்கு வதக்கிக் கட்டுவார்கள். நாங்கள் அதன் இலையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து, விளிம்பில் குட்டிச் செடி முளைப்பதைத் திறந்து திறந்து பார்ப்போம். அதை யாரும் காலையில் மென்று பார்க்கச் சொன்னதில்லை. டூசானைச் சூழ்ந்த சோனோரன் பாலைவனத்து உருண்டைக்கும் அமத்தா வீட்டு வாசலுக்கும் மூச்சு ஒரே விதம் என்று தெரிந்த அன்று, அந்த அந்நிய ஊரில் எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

ஜூன் மாதம் டூசானில் எல்லோரும் வானத்தைப் பார்க்கிற மாதம். சோனோரன் பாலைவனத்துக்கு இரண்டு மழைக்காலம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மென்தூறல் ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும் கோடை மழை மற்றொன்று. அதை அங்கேயும் மான்சூன் என்றே சொல்கிறார்கள். ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 280 மில்லிமீட்டர். அதில் பாதி இந்தக் கோடை மழையில். ஜூன் 24, புனித யோவான் நாளில் மெக்சிக வழிவந்த குடும்பங்கள் ஊர்வலம் போய் மழையை வரவேற்பார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதம் மக்கள் சவாரோவின் உள்ளே இருக்கும் காய்ந்த மரக்கழிகளால் செய்த நீண்ட தொரட்டிகளோடு பழம் பறிக்கக் கிளம்புவதும் இந்த நாட்களில்தான். அந்தப் பழச்சாற்றைப் புளிக்கவைத்து, மழையை வேண்டும் சடங்கில் பகிர்ந்து குடிப்பார்கள். அவர்களுக்குப் புத்தாண்டு அப்போது பிறக்கிறது.

நான் பார்த்த முதல் கோடை மழை ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் தெற்கே மலைகளுக்கு மேல் வெள்ளை மேகம் கோபுரமாக எழுந்தது. பிறகு புழுதிக்காற்று. அதன் பிறகு, ஒரு துளி விழுவதற்கு முன்பே, கிரியோசோட் புதரின் மணம் தெரு முழுக்கப் பரவியது. அந்தப் புதரின் இலைகளில் படிந்த பிசினை ஈரக்காற்று தொட்டதும் எழும் மணம் அது. டூசான்காரர்களுக்கு மழையின் மணம் என்றால் இதுதான். அரை மணி நேரம் கொட்டியது. வறண்டு கிடந்த ஓடையில் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடியது. டீச்சரம்மா தன் வாசலில் நனைந்தபடி நின்று, ஒரு கையை விரித்துக் காட்டினார். ஐந்து.

ஐந்து நாள் என்று அர்த்தம். தூண்டில்முள் கள்ளி தன் மொட்டுகளை முந்தைய ஆண்டு வளர்ச்சியிலேயே உருவாக்கி வைத்துவிடுகிறது. அவை முகடுகளின் இடுக்கில், வெளியே தெரியாமல், உறங்கிக் கிடக்கின்றன. நல்ல மழை ஒன்று பெய்தால் ஏறக்குறைய ஐந்தாம் நாள் திறக்கும். ஒரே பகுதியில் உள்ள செடிகள் எல்லாம் சேர்ந்து திறப்பதால் பூந்தூள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது. மழை அங்கே ஊர் முழுக்கப் பெய்வதில்லை; ஒரு குன்றில் பெய்யும், அடுத்த குன்று காய்ந்து கிடக்கும். மழை விழுந்த குன்றில் மட்டும் பூ.

பூ வருவதற்கு முன்பே மண்ணுக்குள் வேலை தொடங்கிவிடுகிறது. கள்ளியின் வேர் ஆழம் போகாது. மழையற்ற மாதங்களில் வேர் சுருங்கி, மேல்பட்டை தக்கையாகி, மண்ணிலிருந்து சற்று விலகிக்கொள்கிறது. இல்லாவிட்டால் செடி சேர்த்துவைத்த நீரைக் காய்ந்த மண் திரும்ப உறிஞ்சிவிடும். ஈரம் பட்டவுடன் பழைய வேர்களிலிருந்து மெல்லிய புது வேர்கள் கிளம்பி, மேல்மண்ணில் நிற்கும் கொஞ்ச நேரத்து ஈரத்தைக் குடித்துக்கொள்கின்றன. மண் மறுபடி காய்ந்தால் அந்த மழை வேர்கள் உதிர்ந்துபோகும். கலிபோர்னியாவில் பார்க் நோபெல் என்ற விஞ்ஞானி இதையெல்லாம் பல்லாண்டு அளந்து எழுதியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலையில் இருவரும் போனோம். மரத்தடி உருண்டை இப்போது நிறைந்து நின்றது. அதன் உச்சியைச் சுற்றி, நடுமுடியை விட்டுவிட்டு, இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரு வளையமாக மலர்ந்திருந்தன. வளையமாக அமைவதற்குக் காரணம் உண்டு. உச்சியில் இருப்பது இந்த ஆண்டுப் புது வளர்ச்சி. அதற்குச் சற்றுக் கீழே, போன ஆண்டு வளர்ச்சியின் இடுக்குகளில்தான் மொட்டுகள் காத்திருந்தன. மம்மிலேரியாக்களின் சிறப்பான ஏற்பாடு ஒன்றும் இதில் இருக்கிறது. பெரும்பாலான கள்ளிகளில் முள்ளும் பூவும் ஒரே திண்டில் வரும். இவற்றில் அந்தத் திண்டு இரண்டாகப் பிரிந்து, முள் முகட்டின் உச்சிக்கும், பூ இடுக்கின் அடிக்கும் போய்விட்டன. இதழ்கள் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் இருந்தன. சூலகமுடி பச்சை. தனித்து வாழும் சிறு காட்டுத்தேனீக்கள் உள்ளே இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டு வெளியே வந்தன. தேனீ வளைமுள்ளில் மாட்டாமல் எப்படிப் போய்வருகிறது என்று அன்றைக்கு நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

பிற்பாடு அதே இடுக்குகளிலிருந்து சிவப்புப் பழங்கள் வந்தன. முள் இல்லாத, வழுவழுப்பான, விரல் நுனி நீளப் பழங்கள். மெக்சிகோ பக்கம் சிலிடோஸ் என்பார்கள். சின்ன மிளகாய் போலத்தான் இருக்கும். டீச்சரம்மாவின் தோட்டத்துச் செடியிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். லேசான புளிப்பும் அதைவிட லேசான இனிப்பும். உள்ளே கறுப்பு விதைகள். காட்டில் இவற்றைப் பறவைகளும் எலிகளும் தின்கின்றன, எறும்புகள் இழுத்துப் போகின்றன.

அவருடைய தோட்டத்துச் செடிக்கு ஒரு கதை இருந்தது. அரிசோனாவில் காட்டுக் கள்ளியைச் சட்டம் பாதுகாக்கிறது. நிலத்துக்காரரின் சம்மதமும் மாநில வேளாண்துறையின் அனுமதிச்சீட்டும் இல்லாமல் யாரும் தோண்டிப் போக முடியாது. புதிய சாலைக்காக நிலம் அழிக்கப்படும் முன், தன்னார்வலர்கள் அனுமதி வாங்கிப் போய்ச் செடிகளை மீட்டுக் கொண்டுவருவார்கள். அப்படி வந்தது அது. தோண்டுவதற்கு முன் செடியின் எந்தப் பக்கம் தெற்கு நோக்கி இருந்தது என்று குறித்துக்கொள்வார்களாம். நடும்போது அதே பக்கம் தெற்கே பார்க்க வேண்டும். நிழல் பக்கமாகவே வளர்ந்த தோலை வெயிலுக்குத் திருப்பி வைத்தால் வெந்துவிடும். இத்தனை வெயிலைத் தாங்கும் ஒரு செடிக்குத் திசை மாறினால் தாங்காது என்பது என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது. பிறகு பார்த்த எல்லாவற்றையும் நான் அந்த ஒரு செய்தியின் வழியாகவே புரிந்துகொண்டேன்.

மரத்தடியையே எடுத்துக்கொள்ளலாம். நான் முதலில் பார்த்த கள்ளி ஏன் மரத்தின் கீழ் இருந்தது? அதன் நாற்று குண்டூசித் தலை அளவே இருக்கும். திறந்த வெளியில் அது ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் அடியிலோ குறும்புதர்களின் மறைவிலோ விழுந்த விதைக்குத்தான் வாழ்வு. மரம் வெயிலைத் தணிக்கிறது, பனியைத் தடுக்கிறது, தின்ன வருபவற்றின் கண்ணிலிருந்து மறைக்கிறது. சவாரோவும் அப்படி ஒரு மரத்தின் மடியில் வளர்ந்ததுதான். இப்படிக் காக்கும் மரங்களைச் செவிலிமரங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். டூசானின் டுமமோக் குன்றில் கார்னெகி நிறுவனம் 1903ல் ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1906 முதல் அங்கே குறிப்பிட்ட நிலத்துண்டுகளில் எந்தச் செடி பிறந்தது, எது செத்தது என்று பதிவு செய்துவருகிறார்கள். அந்தப் பதிவுகளைப் போல ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தவை உலகில் அரிது. பாலைவனத்தில் எதுவும் தனியாக வாழவில்லை என்பதை அந்தக் குன்றில் நடக்கும்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

செவிலியாக நிற்கும் அந்த மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இலையைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டு அதிர்ந்துபோனேன். எங்கள் ஊரில் அதை வேரோடு பிடுங்க வழக்கும் இயக்கமும் நடக்கின்றன. அங்கே மெஸ்கீட்டின் நிழலில் சிறு கள்ளிகள் குடியிருக்கின்றன. அதன் நெற்றை அரைத்து ஓதம் மக்கள் காலங்காலமாக உண்டுவருகிறார்கள்.

அடுத்த அதிர்ச்சி இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, டீச்சரம்மா என்னைத் தன்னார்வலர்களோடு மலைச்சரிவுக்கு அழைத்துப் போனார். பாலைவனத்தை அழிக்கும் ஒரு புல்லைப் பிடுங்கும் வேலை. கையில் கடப்பாரை தந்தார்கள். காட்டிய புல்லைப் பார்த்தேன்: தூர் கட்டி, முழங்காலுக்கு மேல் வளர்ந்து, பூனைவால் கதிரோடு நின்றது கொழுக்கட்டைப்புல். எங்கள் அப்பாவின் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களின் கீழ் நிற்கும் அதே புல். காங்கேயம் மாடுகள் அதைத் தின்றுதான் அந்தத் திமிலை வளர்க்கின்றன என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அன்று இரவு ஊருக்குப் பேசினேன்.

"கொழுக்கட்டப்புல்லையா அம்மிணி? அதைய எதுக்குப் புடுங்கறாங்க? மாட்டுக்கு அதைய உட்டா வேறென்ன தீனி?"

"இங்க அது தீய இழுத்துட்டு வந்துருதுங்கப்பா."

விவரமாகச் சொன்னேன். ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இயற்கையாக வளரும் இந்தப் புல்லை, மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் போன நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். எல்லைக்குத் தெற்கே சோனோரா மாநிலத்தில் காட்டை அழித்துப் பரந்த அளவில் விதைத்தார்கள். அரிசோனாவின் மலைச்சரிவுகளில் தானாகவே ஏறியது. 2005ல் அந்த மாநிலம் அதைத் தீங்கான களையாக அறிவித்தது. சோனோரன் பாலைவனத்துச் செடிகள் இடைவெளி விட்டு நிற்பவை; ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவ வழியில்லை. அதனால் அங்குள்ள கள்ளிகள் தீயைத் தெரியாமலே இத்தனை காலம் வாழ்ந்துவிட்டன. கொழுக்கட்டைப்புல் அந்த இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. காய்ந்தால் பற்றும், பற்றினால் கடும் சூட்டோடு எரியும். எரிந்த பின் புல் மட்டும் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். கள்ளியும் அதன் செவிலிமரமும் போய்விடும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மூர்ல மாடு மேஞ்சுக்குது. மேய ஆளில்லாத காட்டுல புல்லு நின்னா தீதான் மேயும்" என்றார். அதோடு, தாத்தா காலத்துச் சப்பாத்திக்கள்ளிக் கதையைச் சொன்னார். காடுகரையெல்லாம் கள்ளி மண்டி, கால் வைக்க இடமில்லாமல் கிடந்ததாம். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சி வந்து தின்று தீர்த்ததாம். நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து தென்னிந்தியாவில் பரவிய சப்பாத்திக்கள்ளியை அடக்க, அதே கள்ளியோடு பிறந்து வளர்ந்த கொச்சினீல் பூச்சியை 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும் பூச்சி அது. டூசானில் தெருவோரக் கள்ளிகளில் அதை எத்தனையோ முறை பார்த்திருந்தேன்.

ஆக, அங்கிருந்து வந்த கள்ளி இங்கே நிலத்தை மூடியது. இங்குள்ள புல் அங்கே போய்க் கள்ளியை எரிக்கிறது. அங்கே தாயாக நிற்கும் மரத்தின் உறவு இங்கே கண்மாயை அடைக்கிறது. இவற்றில் எந்தச் செடியும் கெட்ட செடி இல்லை. ஒவ்வொன்றையும் கட்டுக்குள் வைத்திருந்த பூச்சியும் மாடும் மழையும் பிறந்த இடத்திலேயே நின்றுவிட்டன. செடி மட்டும் கப்பலேறியது.

2020 ஜூனில் ஊருக்கு வடக்கே கட்டலினா மலைகளில் மின்னலால் தீ பிடித்தது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. கொரோனா காலம். இரவில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலையின் விளிம்பில் சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும். மேலே எரிந்தது பைன் காடு. கீழே தீ இறங்கிய சில சரிவுகளில் சவாரோக்களும் கருகின. நூறு ஆண்டுச் சவாரோ கருகி நிற்பது படங்களில் வந்தது. அதன் காலடியில் இருந்த சிறு உருண்டைகளைப் படமெடுக்க யாருமில்லை. டீச்சரம்மா அந்தக் கோடை முழுவதும் குளிர்காலம் வரட்டும் என்று கடப்பாரைகளுக்கு எண்ணெய் பூசி வைத்துக்கொண்டிருந்தார். நானும் போனேன். கொழுக்கட்டைப்புல்லைப் பிடுங்கிய ஒவ்வொரு குழியருகிலும் சிறு கள்ளி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இருந்தால், அதைச் சுற்றி இன்னும் ஒரு முழம் கூடுதலாகப் புல்லை எடுப்பேன்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். நண்பர்கள் வீட்டு ஜன்னலோரங்களில் சின்னச் சின்ன மம்மிலேரியாக்களைப் பார்க்கிறேன். பராமரிப்பே வேண்டாம், எதையும் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்கக் கடைகளில் காய்ந்த பூவைச் சூடான பசையால் கள்ளியின் தலையில் ஒட்டி விற்பதையும் பார்த்திருக்கிறேன். வளர் நுனியில் பசை. அதற்குமேல் அந்தச் செடியால் ஒழுங்காக வளர முடியாது. மழைக்காக ஓர் ஆண்டு மொட்டை வைத்துக் காத்திருக்கும் செடிக்கு நாம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் செய்யும் காரியம் அது.

கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் 1975 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் 2015ல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, ஆராய்ந்த 1,478 இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. நிலம் விவசாயத்துக்கும் கட்டடத்துக்கும் போவது ஒரு காரணம். சேகரிப்பாளர்களுக்காகக் காட்டிலிருந்து திருடப்படுவது இன்னொரு பெரிய காரணம். மிகச் சிறிய கள்ளிக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஒரு பையில் ஐம்பதைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதனால் கள்ளி வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நர்சரியில் விதையிலிருந்தோ பதியனிலிருந்தோ வளர்த்ததா என்று விசாரித்து வாங்குங்கள். அரிய இனம், காட்டிலிருந்து வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள்.

துயரத்தைத் தாங்குகிறவர்களைக் கள்ளியோடு ஒப்பிட்டுப் பேசுவது நம் வழக்கம். தாங்குகிறது என்று யாராவது சொன்னால் எதை, யாருடைய நிழலில், எந்தத் திசை பார்த்து என்று கேட்க எனக்கு அந்தச் செடி கற்றுக்கொடுத்தது. தூண்டில்முள் கள்ளி 40 டிகிரி வெயிலைத் தாங்கும், மழையில்லாத மாதங்களைத் தாங்கும். அந்த இரண்டும் அதற்குப் பல லட்சம் ஆண்டுப் பழக்கம். ஒரே ஒரு புல் தீயை அது தாங்காது. தாங்கும் என்ற நம்பிக்கையில் அதன்மேல் புதிது புதிதாகச் சுமை ஏற்ற நமக்கு உரிமை இல்லை. மனிதர்கள் விஷயத்திலும் எனக்கு இதே கருத்துதான்.